இரண்டாவது முயல் வீட்டுக்கு வரும்போது

ஒற்றை முயல் கூட்டின் மூலையில் சோர்ந்து கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், துணைக்கு இன்னொன்றை வாங்கி வந்து அதே கூட்டுக்குள் விட்டுவிடுவார்கள். கட்டுகஸ்தோட்டையானாலும் கம்பளையானாலும் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டும் ஒன்றையொன்று வேகமாக வட்டமிடும். வால் நிமிரும், காதுகள் முதுகோடு படியும். பிறகு கூட்டுக்குள் மயிர் பறக்கும். “இது பொல்லாதது, துணை சேராது” என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு அந்த முயல் மீதுதான் இரக்கம் வருகிறது. தன் வளைக்குள் புகுந்த அந்நியனை விரட்டுவது அதன் இரத்தத்தில் ஊறிய பழக்கம்.

நம் மலைப் புல்வெளிகளில் ஓடும் காட்டுமுயல் வேறு இனம். அது தனியே வாழும், வளை தோண்டாது. அதன் குட்டிகள் பிறக்கும்போதே மயிரும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும். கூட்டில் வளர்ப்பதோ ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்து ஐரோப்பிய முயலின் வழிவந்தது. அந்த மூதாதைகள் நிலத்தடி வளைகளில் கூட்டமாக வாழ்பவை. கூட்டத்துக்குள் ஆண்களுக்கு ஒரு படிவரிசை, பெண்களுக்கு வேறொரு படிவரிசை. ஆகவே துணை வேண்டும் என்பதும், வெளியார் வரக்கூடாது என்பதும் ஒரே உடம்புக்குள் இருக்கின்றன.

மனிதனோடு பழகியதில் இந்த முயலின் மூளையே மாறியிருக்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சகாக்களும் காட்டில் வாழும் ஐரோப்பிய முயலின் மூளையையும் வீட்டு முயலின் மூளையையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டு 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி வீட்டு முயலில் சிறுத்திருந்தது. அந்தப் பயத்தை அடக்கியாளும் முன்மூளைப் பகுதி பெருத்திருந்தது. நம் மடியில் அது நிம்மதியாகப் படுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எல்லை காக்கும் குணம் அப்படியே இருக்கிறது.

அந்த எல்லை வாசனையால் போடப்படுவது. முயல் குட்டி பிறந்து ஏறக்குறைய பத்து நாள் கண் திறப்பதில்லை. தாய் பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவை, சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுப்பாள். அந்தச் சில நிமிடங்களுக்குள் இருட்டில் முலைக்காம்பைக் கண்டுபிடிப்பது மூக்குத்தான். வளர்ந்த பிறகு அந்த மூக்குக்கு வேறு வேலை. கதிரைக் காலிலும் கதவு விளிம்பிலும் முயல் தாடையைத் தேய்த்துவிட்டுப் போவதை வளர்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியின் திரவம் அங்கே பூசப்படுகிறது. நம் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. இன்னொரு முயலுக்கு அது வேலி போட்டது போல.

அவுஸ்திரேலியாவில் ரோமன் மிக்கிட்டோவிச் என்ற விஞ்ஞானி இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கூட்டத்தில் மேலே இருக்கும் ஆணுக்குத் தாடைச் சுரப்பி பெரிது. அதுதான் அதிகம் தேய்க்கும். தன் வாசனை உள்ள இடத்தில் நிற்கும் முயல் சண்டையில் துணிந்து முன்னேறுகிறது, மற்றதன் வாசனை உள்ள இடத்தில் பின்வாங்குகிறது என்றும் அவரும் சகாக்களும் கண்டார்கள். பழைய முயலின் கூட்டுக்குள் புதியதை விடுவது ஏன் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அப்படியானால் எப்படிச் சேர்ப்பது? முதலில் சத்திரசிகிச்சை. ஆணுக்கு விதை நீக்கியும் பெண்ணுக்குச் சூலகங்களையும் கருப்பையையும் நீக்கியும் விட்டால் சண்டையைத் தூண்டும் ஹோர்மோன்கள் தணியும். அப்படிச் செய்த ஆணும் பெண்ணும்தான் எளிதில் சேரும் சோடி. செய்யாமல் விட்டால் ஒரு மாதத்தில் குட்டிகள் வரும். ஈன்ற சில மணி நேரத்துக்குள்ளேயே பெண் மறுபடி சினைப்படவும் கூடும். வயதான பெண் முயல்களில் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணம் என்பதும் சத்திரசிகிச்சைக்கு வலுவான காரணம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலை பக்கத்தில் இருப்பது கண்டிக்காரர்களுக்கு வசதி. நாய்க்குச் செய்வதுபோல் முதல் நாள் இரவு பட்டினி போடாதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு காய்ந்தால் குடல் நின்றுபோகும் ஆபத்துத்தான் அதிகம். ஆண் முயல் விதை நீக்கிய பின்னும் சில வாரம் சினைப்படுத்த வல்லது. அதுவரை பிரித்தே வையுங்கள்.

அந்த வாரங்கள் வீணல்ல. இரண்டு கூடுகளையும் பல் எட்டாத இடைவெளியில் பக்கம் பக்கமாக வைத்து, படுக்கைத் துணிகளையும் கழிவுத் தட்டுகளையும் மாற்றி மாற்றி வைத்தால், வேலிக்கு அப்பால் இருப்பதன் வாசனை தன் வீட்டு வாசனையோடு கலந்துவிடும். பிறகு இரண்டும் மிதிக்காத ஓர் இடத்தில் சந்திப்பு. குளியலறையின் சீமெந்துத் தரை போதும். வழுக்காமல் இருக்க ஒரு பாய். நடுவே கினிப் புல்லைக் கட்டாகப் போடாமல் பரவலாகத் தூவுங்கள். முதல் நாள் பத்து நிமிடம். ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது பெரும்பாலும் படிவரிசை பேசுவது, உடனே தடுக்க வேண்டாம். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் இறக்கிவிடுங்கள், கடி மோசமாக விழும். வட்டமிடத் தொடங்கினால் தடித்த துவாயைப் போட்டுப் பிரிக்க வேண்டும், வெறுங்கையை நுழைக்கக் கூடாது. பின்பு மயிரை விலக்கித் தோலைத் தடவிப் பாருங்கள். முயலின் சீழ் தயிர்க்கட்டிபோல் இறுகும், தானாக வடியாது. ஆகவே சின்னக் கடியையும் வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு ஓட்டோவில் மலைப்பாதை சுற்றி வந்தால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். ஒட்டிக்கொள்வது உண்மை; அது நட்பென்று நான் ஏற்கமாட்டேன். கடும் பயம் முயலின் குடலையே நிறுத்தக்கூடியது.

ஒரு வாரத்தில் சேரும் சோடியும் உண்டு, மூன்று மாதம் எடுக்கும் சோடியும் உண்டு. ஒன்று தலையைத் தாழ்த்தி மற்றதன் மூக்கருகே நீட்டும். பணிவு போலத் தெரியும், ஆனால் அநேகமாக மேல்படியில் இருப்பதுதான் நெற்றியை நக்கிவிடச் சொல்லிக் கேட்கும். மற்றது நக்கினால் பாதி வேலை முடிந்தது. இரண்டு நாள் சண்டையின்றிப் பக்கத்தில் படுத்தால், நன்றாகக் கழுவி இடம் மாற்றி வைத்த கூட்டுக்குள் சேர்த்து விடலாம்.

சேர்ந்த பிறகு ஒன்றுக்குச் சுகமில்லையென்றால் இரண்டையும் கூட்டிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போங்கள். தனியே போய் மருந்து வாசனையோடு திரும்பும் துணையை, வீட்டில் இருந்தது அந்நியன் என்று எண்ணிக் கடிக்கக்கூடும்.