கத்தரிக்கோலுக்குப் பூக்கும் மல்லி

மாடியில் தொட்டி வைத்துக் குண்டுமல்லி வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. செடி தளதளவென்று இருக்கிறது, இலை பச்சைப் பசேலென்று மினுங்குகிறது, பூவைத்தான் காணோம். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு பிடி போடுவார்கள். இலை இன்னும் பெருக்கும். பூ அப்போதும் வராது. பெரும்பாலும் குறை உரத்தில் இல்லை. கத்தரி படாத கிளையிலும் போதாத வெயிலிலும்தான் இருக்கிறது.

தாவரவியலாளர்கள் ஜாஸ்மினம் சம்பக் என்று அழைக்கும் இந்தச் செடி ஆலிவ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண்டு முழுக்க இலை தாங்கி நிற்கும் புதர். பிலிப்பைன்ஸ் 1934-ல் இதன் பூவைத் தேசிய மலராக அறிவித்தது. இந்தோனேசியாவின் மூன்று தேசிய மலர்களில் இதுவும் ஒன்று. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தனை ஊருக்கும் இது விதையாகப் போகவில்லை; குண்டுமல்லி காய்ப்பது மிக அரிது. குச்சி நட்டும் பதியம் போட்டும்தான் மனிதர்கள் இதைக் கொண்டு சென்றார்கள். மதுரை வயல்களுக்கான நாற்றுகள்கூட ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து நாற்றங்கால்களிலிருந்துதான் காலங்காலமாகப் போகின்றன. அங்கே மண் பொலபொலவென்ற மணல். தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் இறங்கிவிடும். தொட்டியிலும் வேர் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

ஆகவே தொட்டிக் கலவையில் செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் ஏறக்குறையச் சம பங்காக இருக்கட்டும். ஓர் அடிக்குக் குறையாத வாயகலம் வேண்டும். அடியில் துளை அடைபடாமல் ஓட்டுச்சில் வைத்து, தொட்டியைத் தரையிலிருந்து செங்கல் மேல் தூக்கி வைத்தால் வடிகால் சீராகும்.

இனி கவாத்து. இதில்தான் வீட்டுத்தோட்டக்காரர்களுக்குக் கை நடுங்குகிறது, செழித்து நிற்கும் செடியை வெட்ட மனம் வருவதில்லை. ஆனால் மல்லி பூப்பது புதிதாகத் துளிர்த்த கிளையின் நுனியில்தான். பழைய கிளை எவ்வளவு நீண்டு படர்ந்தாலும் அதில் பூவுக்கு இடமில்லை. வயலில் நவம்பர் கடைசி வாரத்தில் நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு எல்லாச் செடியையும் ஒரே மட்டமாக வெட்டிவிடுகிறார்கள். பார்த்தால் வயிறு கலங்கும், வயலே மொட்டையாகக் கிடக்கும். அந்தச் செடிதான் மார்ச்சில் தொடங்கி ஜூன் வரை கூடைகூடையாகக் கொடுக்கிறது. தொட்டிச் செடியை அதே பருவத்தில் பாதி உயரத்துக்கு வெட்டலாம். காய்ந்த குச்சி, நோய் பட்ட கிளை, உள்நோக்கி வளர்ந்து ஒன்றையொன்று உரசும் கிளை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட வேண்டும். பிறகு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இட்டு, மேல்மண்ணைக் கிளறி, வழக்கம்போல் தண்ணீர் விடலாம்.

வெட்டுகிற இடத்தை நெருங்கிப் பார்த்தால் காரியம் விளங்கும். மல்லியின் இலைகள் கணுவில் எதிரெதிராக இணை பிரியாமல் நிற்கின்றன. கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால், சில நாளில் இரண்டு இலைக் கக்கத்திலும் அரிசி அளவில் பச்சை முளை கண் திறக்கும். ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு கிளை. ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று மொட்டிலிருந்து பன்னிரண்டு வரை கொண்ட கொத்து. கொத்தின் நடு மொட்டு முதலில் விரியும், பக்க மொட்டுகள் அடுத்தடுத்த மாலைகளில் முறை வைத்து வரும். ஒரு வெட்டுக்கு இரண்டு கொத்து என்ற இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் கத்தரியை எடுக்கும் தயக்கம் போய்விடும்.

வெயில் விஷயத்தில் சமரசமே கூடாது. நேரடி வெயில் நாளுக்கு ஐந்து, ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். வடக்கு பார்த்த பால்கனியில் இலை வரும், பூ வராது. அங்கே மல்லி வைத்து ஏமாறுவதைவிட வேறு செடி வைக்கலாம். கோடையில் மொட்டை மாடித் தொட்டிக்குக் காலையில் விட்ட தண்ணீர் சில நாள் மாலை வரை தாங்காது. மண்ணில் விரலை அழுத்திப் பார்த்து, காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். ஈரமாக இருந்தால் விட்டுவிடலாம்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விடும் வீடுகளில் இன்னொரு தொல்லை தலைகாட்டும். இளம் இலை வெளிறி மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். இது இரும்புச்சத்துக் குறை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் கடின நீரின் காரத்தன்மை அதை வேரால் எடுக்க முடியாத வடிவில் பூட்டிவிடும். உரக்கடையில் கிடைக்கும் ஃபெரஸ் சல்பேட்டை, அதாவது அன்னபேதியை, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை இலைமேல் தெளிக்கலாம். அடி இலைகள் மட்டும் மொத்தமாக மஞ்சளானால் அது வேறு கதை. பெரும்பாலும் தழைச்சத்துக் குறை, எரு போட்டால் சரியாகும்.

மொட்டு ஊதா நிறமாகி, விரியாமலே வாடுகிறதா? ஒன்றைக் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சிறு புழு பூவைத் தின்றுகொண்டிருக்கும். மொட்டுப்புழு பக்கத்து மொட்டுகளையும் நூலாம்படை போட்டுச் சேர்த்துக் கட்டிவிடும். அப்படிப்பட்ட கொத்தைப் பறித்து அழித்துவிட்டு, ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலை மாலையில் தெளிக்க வேண்டும். வெயில் கொளுத்தும் நாட்களில் இலையின் அடிப்பக்கத்தில் செம்பேன் சேரும். குழாய்த் தண்ணீரை அடியிலிருந்து பீய்ச்சிக் கழுவுவது தொடக்கத்தில் போதும். முற்றினால் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம்.

மொட்டைக் காலையிலேயே பறித்துவிட்டால் மணம் குறைந்துவிடுமோ என்று பலருக்குச் சந்தேகம். குறையாது. முதிர்ந்து வெளுத்த மொட்டில் வாசனை பெரிதாக இல்லை. அது விரிகிற வேளையில்தான் லினலூல், பென்சைல் அசிடேட், இண்டோல் போன்ற மணப்பொருள்கள் பெருகி வெளியேறுகின்றன. செடியிலிருந்து பறித்த பிறகும் பூ அந்த வேலையை நிறுத்துவதில்லை. சீனத்தின் ஃபூசோ நகரில் இதை வைத்து ஒரு தொழிலே நடக்கிறது. பகலில் பறித்த குண்டுமல்லி மொட்டுகளை இரவில் தேயிலையோடு கலந்து வைக்கிறார்கள். மொட்டு விரிய விரிய இலை மணத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு பூவைச் சலித்து எடுத்துவிட்டு, புதுப் பூவோடு மறுபடியும் கலக்கிறார்கள். உயர்ரகத் தேயிலைக்கு இது பல சுற்று நடக்கும். இந்த வேளாண் முறையை ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2014-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

பறிப்பு முடிந்த நுனியை அப்படியே விட்டுவிடக் கூடாது. இரண்டு கணு கீழே வெட்டினால் அடுத்த சுற்று மொட்டு வரும். ஜூன் மாதத்தில் வெட்டும் குச்சிகளில் பென்சில் கனத்தில் முதிர்ந்தவையாக, மூன்று கணுவுள்ளவையாகப் பொறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் ஒரு கணு புதையும்படி நட்டு நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வேர் பிடித்துவிடும். இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தாய்ச்செடியைத் தொட்டியிலிருந்து உருவி, சுருண்டு நெருங்கிய வேரில் வெளிச்சுற்றை நறுக்கி, புதுக் கலவையில் நடும்போது, இந்தக் கன்றுகளுக்கும் தொட்டி தயார் செய்துவிடலாம்.