நாலாவது வளைவு

799 வளைவுகளைப் பிசகில்லாமல் திரும்பிவிட்டு, 800-வது வளைவில் சுவரில் மோதியவரின் கதை இந்த வாரம்.

இண்டியானாபோலிஸ் கார் பந்தயத் தடத்தில் ஒரு சுற்றுக்கு நாலு வளைவு. எல்லாமே இடப்பக்கம் திரும்புபவை. சுற்றுக்கு இரண்டரை மைல் வீதம் 200 சுற்று ஓடினால் 500 மைல். இண்டி 500 என்ற பெயர் அப்படி வந்ததுதான். முதல் பந்தயம் 1911-ல் நடந்தது. அதன் நூறாவது ஆண்டு நிறைவாக 2011 மே 29 அன்று நடந்த பந்தயத்துக்குக் கூடிய கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம்.

அன்று பெரும்பகுதி நேரம் முன்னால் ஓடியவை சிப் கனாஸி அணியின் கார்கள். ஸ்காட் டிக்ஸன், டாரியோ ஃபிராங்கிட்டி இருவரில் ஒருவர்தான் ஜெயிப்பார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் கடைசி இருபது சுற்றில் யார் வேகமானவர் என்ற கேள்வியே அடிபட்டுப் போய், யாரிடம் எரிபொருள் மிச்சமிருக்கிறது என்பதே பந்தயமாகிவிட்டது. ஒரு டேங்க் எத்தனால் முப்பது சுற்றுச் சொச்சம் வரும். கடைசியாக எப்போது நிரப்பினாய் என்பதை வைத்தே உன் தலையெழுத்து. டானிகா பாட்ரிக் முன்னிலைக்கு வந்தார், எரிபொருள் நிரப்புவதற்காக, தடத்தை விட்டுக் கார்கள் ஒதுங்கும் பிட்டுக்குள் போனார். பெல்ஜியத்துக்காரர் பெர்ட்ராண்ட் பகெட் வந்தார், அவரும் சில சுற்றுகள் பாக்கியிருக்கும்போது உள்ளே போனார். ஃபிராங்கிட்டி சொட்டுச் சொட்டாக மிச்சம்பிடித்துப் பின்தங்கிக்கொண்டே போனார். இப்படி ஒவ்வொருவராக விலக, முதலிடம் வந்து சேர்ந்தது ஜே.ஆர். ஹில்டபிராண்டின் கையில். 23 வயது, கலிபோர்னியாக்காரர், அவருடைய முதல் இண்டி 500. பாந்தர் ரேசிங் அணியின் 4-ம் எண் கார்.

கடைசிச் சுற்று. பின்னால் வருபவருக்கும் அவருக்கும் சில நொடி இடைவெளி இருந்தது. அவரிடமும் எரிபொருள் கடைசிக் கட்டத்தில்தான் இருந்தது என்றாலும், கோட்டைத் தொட்டுவிடலாம் என்பது அணியின் கணக்கு. நாலாவது வளைவை நெருங்கும்போது எதிரே சார்லி கிம்பால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கும் எரிபொருள் பிரச்சினைதான்.

ஹில்டபிராண்டுக்கு இரண்டே வழி. வேகத்தைக் குறைத்து கிம்பாலின் வாலைப் பிடித்துக்கொண்டே வளைவைத் தாண்டுவது ஒன்று; வெளிப்பக்கமாக ஏறி முந்துவது இன்னொன்று. அதே முறையில் முன்பே அன்றைக்கு முந்தியிருந்தார். அந்தத் தைரியத்தில் ஏறினார். ஆனால் இது 200-வது சுற்று. மூன்று மணி நேரமாக டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் எல்லாம் வெளிப்பக்கத்தில்தான் ஒதுங்கிக் கிடந்தன. கேழ்வரகு கொட்டிக் கிடக்கும் தரையில் கால் வைத்த மாதிரி ஆகிவிட்டது. முன்சக்கரங்கள் பிடி இழந்தன, கார் திரும்ப மறுத்தது, வலப்பக்கம் முழுவதும் சுவரில் இடித்தது. நொறுங்கிய வண்டி சுவரை உரசிக்கொண்டே கோட்டை நோக்கிச் சறுக்கியது.

பக்கத்தில் ஒரு கார் கடந்து போனது. ஓட்டியவர் டான் வெல்டன்.

இந்த இடத்தில்தான் விதி விளையாடியது என்று சொல்லத் தோன்றுகிறது. 2009, 2010 இரண்டு ஆண்டும் இதே பந்தயத்தில் வெல்டன் இரண்டாவதாக வந்தார், இதே பாந்தர் அணிக்காக. பிறகு அங்கே இடம் போயிற்று. அந்த இருக்கைக்கு வந்தவர்தான் ஹில்டபிராண்ட். 2005-ல் இண்டி 500-ஐ ஜெயித்திருந்த வெல்டனுக்கு 2011-ல் முழுப் பருவத்துக்கு வேலை இல்லை. முன்னாள் ஓட்டுநர் பிரையன் ஹெர்ட்டாவின் சின்ன அணிக்கு இந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் ஓட்ட வந்தார். 200 சுற்றில் கடைசிச் சுற்றைத் தவிர வேறு எதிலும் அவர் முன்னிலையில் இல்லை. அதிலும் கடைசிச் சில நூறு மீட்டர்தான். இடைவெளி இரண்டு நொடிச் சொச்சம். ஹில்டபிராண்ட் உடைந்த வண்டியிலேயே சறுக்கிவந்து இரண்டாமிடம் பிடித்தார். முந்துவதற்குத் தடை விதிக்கும் மஞ்சள் விளக்கு எரிவதற்கு முன்பே வெல்டன் முந்தினாரா என்று ஒளிப்பதிவைப் பார்த்தார்கள், முந்தியிருந்தார். ஜெயித்தவர் பால் குடிக்கும் சம்பிரதாயப்படி பாலைக் குடித்தவர் வெல்டன்தான்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று அடுத்த நாள் ஹில்டபிராண்டுக்காகப் பரிதாபப்படாதவர் இல்லை. எனக்கும் பரிதாபம் உண்டு. ஆனாலும் தப்பு அவருடையதுதான் என்றே சொல்வேன். கிம்பாலின் பின்னாலேயே போயிருந்தால் ஒரு நொடியோ இரண்டு நொடியோ இழந்திருப்பார். கையில் அதைவிட அதிகம் இருந்தது. அதே சமயம், மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் கார் இருந்தால் முந்து என்றே சின்ன வயதிலிருந்து பழகியவருக்கு, ஒரு நொடிக்குள் அந்தக் கணக்கைப் போடு என்பது எளிதல்ல. அணியும் நெருக்கடியை அவர் தலையிலேயே வைத்தது. எரிபொருளில் கொஞ்சம் தாராளம் இருந்திருந்தால் அந்த வளைவில் அவருக்கு இவ்வளவு அவசரமே இருந்திருக்காது.

அதே ஆண்டு அக்டோபர் 16-ல் லாஸ் வேகாஸில் 15 கார்கள் மோதிக்கொண்ட விபத்தில் வெல்டன் இறந்தார். வயது 33. அந்தக் கோடையில் அவர் சோதித்து ஓட்டிய புதிய கார் அடுத்த ஆண்டு பந்தயத்துக்கு வந்தபோது, அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டிடபிள்யூ12 என்று பெயரிட்டார்கள். ஹில்டபிராண்ட் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இண்டி 500 ஓட்டினார். ஒருமுறையும் ஜெயிக்கவில்லை.

(தொடரும்)