திருகைத் தொடும் முன் பில்லைத் தேடுங்கள்

நேற்று வரை அலமாரியில் நிமிர்ந்து நின்ற 60 செ.மீ. பொம்மை, இன்று முழங்கால் தாங்காமல் முன்னால் சாய்கிறது. தூக்கி வைத்த கை மெல்ல இறங்கிவிடுகிறது. யூடியூப்பைத் திறந்து, ஸ்குரூ டிரைவரை எடுத்து உட்கார்ந்துவிடுகிறார்கள் பலர். அவசரப்பட வேண்டாம். பொம்மையைப் பிரித்த மறுநிமிடமே, பழுது உங்கள் கையால் வந்தது என்று சொல்ல விற்றவருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்துவிடும்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த வோல்க்ஸ் நிறுவனத்தின் ‘டால்ஃபி டிரீம்’ பொம்மைகளுக்கு வெளியே மென்மையான வினைல் தோல், உள்ளே கெட்டி பிளாஸ்டிக்கால் ஆன எலும்புச் சட்டகம். ஓபிட்சு நிறுவனத்தின் பெரிய உடல்களும் ஏறத்தாழ இப்படித்தான். அதே வோல்க்ஸ் 1999-இல் கொண்டுவந்த ‘சூப்பர் டால்ஃபி’க்கு எலும்பே கிடையாது, ரெசின் உறுப்புகளை உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு இழுத்துப் பிடித்திருக்கும். கயிறு தளர்ந்தால் மாற்றிக் கட்ட வேண்டியதுதான். சட்டகம் தளர்ந்தால் வேலை வேறு.

சட்டகப் பொம்மையின் மூட்டுகள் உராய்வை நம்பி நிற்பவை. பல மூட்டுகளில் ஒரு சிறு திருகு இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை அழுத்திப் பிடித்திருக்கும். மடக்கி நீட்ட நீட்ட அந்தப் பிடி குறையும். இது தேய்மானம். ஆனால் வாங்கிய சில வாரங்களிலேயே திருகு இருக்கும் இடத்தைச் சுற்றி மயிரிழை போல வெள்ளைக் கோடு தெரிந்தால், பிளாஸ்டிக் விரிசல் விடத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் திருகை இன்னும் முறுக்கினால் மூட்டு இரண்டாகப் பிளந்துவிடும்.

வீட்டில் கைவசம் இருக்கும் மருந்துகள்தான் பெரும்பாலும் வினையாகின்றன. சூப்பர் குளூ ஒரு சொட்டு உள்ளே வழிந்தால் மூட்டு அப்படியே இறுகிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் சட்டகத்தின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், வினைலையும் கெடுக்கும். இயந்திரங்களில் திருகு கழலாமல் இருக்கப் பூசும் திரவப் பசை ஏபிஎஸ்ஸில் விரிசலை உண்டாக்கும். தோலைக் கழற்ற ஹேர் டிரையர் போதும்: கை பொறுக்கும் சூட்டில் வினைல் இளகிக் கொடுக்கும். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன்னையோ சால்டரிங் அயர்னையோ கிட்டே கொண்டுபோகாதீர்கள். வினைல் அளவுக்கு மீறிச் சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். கண்ணும் தொண்டையும் எரியும். ரெசினைத் தேய்ப்பவர்கள் மாஸ்க் போட்டு, ஈரம் வைத்துத் தேய்க்க வேண்டும். கழற்றிய திருகுகளைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். இவை வயது வந்தவர்களுக்கான சேகரிப்புப் பொருள்கள். குழந்தைக்கான விளையாட்டுப் பொம்மை என்று சொல்லி ஒரு கடைக்காரர் உங்களிடம் விற்றால், ஐஎஸ்ஐ முத்திரை எங்கே என்று கேளுங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

இனி உரிமைகள். குறை தெரிந்ததும் பிரிக்காமல், பில், பெட்டி, மூட்டு தளர்வதைக் காட்டும் வீடியோ ஆகியவற்றோடு விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கடையில் எழுதித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்து ஒதுங்கிவிட வேண்டாம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அப்படியே. ஆன்லைன் தளங்களின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இந்தியர்களைக் குறிவைத்துத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டுத் தளங்களுக்கும் இந்த விதி உண்டு. ஆனால் அவற்றிடமிருந்து பணத்தை வசூலிப்பது வேறு கதை; கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் தாமதிக்காமல் பரிவர்த்தனையை மறுத்து எழுதுவதே கைமேல் பலன் தரும் வழி.

நழுவும் இடமும் ஒன்று உண்டு. தன் சேகரிப்பிலிருந்து ஒரு பொம்மையை எப்போதோ விற்கும் தனிநபருக்கு மின்வணிக விதிகள் பொருந்தா. பழைய பொம்மைகள் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகின்றன. ஆகவே பணம் அனுப்பும் முன் ஒவ்வொரு மூட்டையும் மடக்கிக் காட்டும் வீடியோவைக் கேளுங்கள். தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் ஒரு சீட்டு வாங்குங்கள்: பொம்மையின் அப்போதைய நிலை, கேட்ட வேலை, கூலி, கூட அனுப்பிய உதிரி பாகங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வது போன்ற கவனத்தோடு உங்கள் பொருளையும் பார்த்துக்கொள்ளும் கடமையை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே பழுது பார்ப்பவர்மேல் வைத்திருக்கிறது. வேலையை முடித்தவருக்கு, கூலி வரும்வரை பொம்மையைப் பிடித்துவைக்கும் உரிமை உண்டு என்பதையும் அதே சட்டம்தான் சொல்கிறது. கூலியை முன்னதாகவே எழுத்தில் பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

பழுது பார்க்க ஜப்பானுக்கே அனுப்புகிறவர்கள் திரும்பி வரும் பார்சலுக்கும் தயாராக இருக்க வேண்டும். முறைப்படி ஏற்றுமதி செய்து, மூன்று ஆண்டுக்குள் அதே பொருள் திரும்பினால், பொம்மையின் முழு மதிப்புக்குச் சுங்கவரி இல்லை. பழுதுச் செலவு, காப்பீடு, போக வரப் போக்குவரத்து ஆகியவற்றைக் கூட்டி அதற்கு மட்டும்தான் வரி. அதே பொம்மைதான் என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. அனுப்பும்போது கொடுத்த ஏற்றுமதி ஆவணம், பழுதுக்கான தனி பில், தலையின் உட்பக்கக் குறி தெரியும் படம் மூன்றும் கையில் இல்லாவிட்டால், புதிதாக வாங்கிய பொம்மை என்றே கணக்கிட்டு வரி போட்டுவிடுவார்கள்.