ஊசி மட்டும் போதுமா?

கருவுற்ற தாய்க்குப் போடப்படும் இன்புளுயன்சா தடுப்பூசி ஓருயிரைக் காப்பதற்கு மட்டுமன்று. பிறந்து 6 மாதம் நிறையாத குழந்தைக்கு அந்த ஊசியைப் போடுவதில்லை. தாய் கொடுத்தனுப்பும் எதிர்ப்புச் சக்தியே அதற்குக் காவல். வங்காளதேசத்தில் நடந்து 2008 இல் வெளிவந்த ஆய்வு, ஊசி பெற்ற தாய்மாரின் பிள்ளைகளிடையே இந்நோய் 63 சதவிகிதம் குறைந்ததாகக் காட்டிற்று. ஆகவே ஊசி வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் ஊசி ஒன்றாயினும், அதை ஏற்கும் உடல்கள் ஒன்றல்லவே! அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தார் 1996 இல் கண்டதென்ன? மறதிநோய் கண்ட கணவனையோ மனைவியையோ கவனித்துக் களைத்த முதியோரிடம், இந்த ஊசி போதிய பலன் தந்தது நூற்றுக்கு 38 பேருக்கே. அச்சுமை இல்லாதவர்களில் 66 பேருக்குப் பலன் கிட்டிற்று. கருவுற்ற பெண்களிடம் அங்கே நடந்த ஒரு சிறிய ஆய்வு 2010 இல் வெளிவந்தது. மனச்சோர்வு மிகுந்தவர்களின் இரத்தத்தில், ஊசி போட்டு ஒரு வாரம் ஆன பின்னும் அழற்சியின் அடையாளம் கூடுதலாக இருந்ததாம்.

உடற்பருமனும் இப்படியே. வட கரோலினாவில் பொதுமக்களிடம் நடந்து 2012 இல் வெளிவந்த ஆய்வின்படி, பருத்த உடலினரிடமும் எதிர்ப்புப் பொருள் முதலில் நன்கு உயர்ந்தது. ஓராண்டுக்குள் மற்றவர்களைவிட மிகுதியாகச் சரிந்தது.

இதைக் கேட்டதும், "கவலைப்படாதே அம்மா, எடையைக் குறை" என்று உபதேசிக்கப் புறப்படுவோர் உண்டு. அவர்களை நாம் கேட்கிறோம்: கவலை அவள் விரும்பி வாங்கிய பண்டமா? இரவு வேலையும், வாடகைப் பாக்கியும், மலிவான தீனியும் அவள் தேர்ந்தெடுத்தவையா? இந்த ஆய்வுகள் பிறந்த அமெரிக்காவிலேயே, 1993 ஆம் ஆண்டுச் சட்டம் தாய்க்கு 12 வார விடுப்பு தந்தது. சம்பளம்? அதைத் தரச் சொல்லவில்லை! மனச்சுமை உடலைக் கெடுக்கும் என்று ஆராய்ச்சிக்கூடம் சொல்கிறது. அச்சுமையைச் சட்டம் அவள் தலையிலேயே ஏற்றிவைக்கிறது.

பலன் குறையக்கூடும் என்பது ஊசியை மறுக்கக் காரணமாகாது. குறைந்த காவலும் காவலே. கருவுற்ற காலத்தில் பட்டினி கிடந்து எடை குறைப்பதும் தீது. வேண்டுவது வேறு: தவறாமல் ஊசி, சம்பளத்தோடு ஓய்வு, சத்துள்ள உணவு, மனச்சோர்வைக் கேட்டறியும் மருத்துவர். ஊசியைப் போட்டுவிட்டுக் கைகழுவும் அரசு, பாதிக் கடமையையே செய்த அரசு. மீதிப் பாதியை நாம் கேட்டே தீர வேண்டும்.