செவியெனும் அமானிதம்



நாம் கேட்கும் ஒவ்வொரு சொல்லும் உட்செவியிலுள்ள நத்தைச்சுருள் என்னும் சிறிய உறுப்பின் வழியாகவே மூளையைச் சென்றடைகிறது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. ஓசையின் அதிர்வு அவற்றின் நுண்மயிர்களைச் சாய்க்கும்போது நுண்ணிய வாயில்கள் திறந்து, பொற்றாசியம் அயன்கள் உட்புகுகின்றன. அதனைத் தொடர்ந்து கல்சியம் நுழைய, கலம் ஓர் இரசாயனத் தூதை நரம்பிடம் ஒப்படைக்கிறது. இதுவே கேட்டல்.

இக்கலங்கள் யாவும் தாயின் கருவறையிலேயே உருவாகி முடிகின்றன. மயிர்க்கலமாக மாறும் ஒரு கலம், தன்னைத் தொட்டிருக்கும் அயற்கலத்திற்கு, 'நீ மயிர்க்கலமாகாதே, எனக்குத் துணையாக இரு' எனச் சமிக்ஞை அனுப்புகிறது. 'நொட்ச்' எனப்படும் இச்சமிக்ஞையினாலேயே மயிர்க்கலங்களும் துணைக்கலங்களும் ஒழுங்காக அமைகின்றன.

கோழிக்குஞ்சின் மயிர்க்கலம் அழிந்தால், துணைக்கலங்களிலிருந்து புதிய மயிர்க்கலம் உருவாவதை 1980களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மனிதனின் நத்தைச்சுருளிலோ அவ்வாறு நிகழ்வதில்லை. அழிந்தது அழிந்ததே. துணைக்கலங்களைத் தூண்டும் மருந்துகளை விஞ்ஞானிகள் தேடி வருகின்றனர்; எனினும் வழமையான சிகிச்சையாக எதுவும் இன்னும் வரவில்லை.

சிந்தித்துப் பாருங்கள்! 2009 மே மாதம் வரை நீடித்த யுத்தத்தின்போது, ஷெல் வெடிப்புகளின் நடுவே வாழ்ந்தவர்கள் வன்னி மண்ணில் நம்மிடையே இருக்கின்றனர். அண்மையில் நிகழும் ஒரேயொரு வெடிப்பும் மயிர்க்கலங்களைச் சிதைக்க வல்லது. ஆகவே, அழைத்தும் திரும்பாத முதியவரை அலட்சியக்காரர் என எண்ணாதீர்கள். சொன்னதைச் செய்யாத பிள்ளையைத் தண்டிக்கும் முன்னர், அரச வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் அவனது செவியைப் பரிசோதியுங்கள்.

இளைஞர்களே! அன்று பேரோசை நம்மைத் தேடி வந்தது. இன்று நாமே அதனைச் செவிக்குள் செருகிக்கொள்கிறோம். 80 டெசிபெல் ஓசையை வாரத்திற்கு 40 மணித்தியாலங்கள் வரை கேட்கலாம். 90 டெசிபெல் ஆயின் 4 மணித்தியாலங்களே எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைபேசியின் ஒலியளவை 60 வீதத்திற்கு மேல் உயர்த்தாதீர்கள். அரிசி ஆலையில் தொழில் புரிவோர் காதடைப்பான் அணியுங்கள். திருமண வீட்டின் ஒலிபெருக்கிக்கு அருகில் குழந்தைகளை அமர்த்தாதீர்கள். காதில் இரைச்சல் நீடித்தால் வைத்தியரை நாடுங்கள்.

இழந்தபின் ஈடுசெய்ய இயலாத இவ்வமானிதத்தை, இருக்கும்போதே பேணிக்கொள்வோமாக!