தோசோகாய்

தோசோகாய் என்பது முன்னாள் மாணவர் சங்கத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லாகும். 'ஒரே சாளரத்தினர் கூட்டம்' என்பது இதன் நேர்ப்பொருள். தமிழ் உரையாசிரியர்கள் ஆளும் 'ஒருசாலை மாணாக்கர்' என்னும் தொடர் இதற்கு நெருக்கமானது. தமிழ்நாட்டில் இச்சொல், ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியோர் சென்னையில் அமைத்த ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற சங்கத்தால் அறியப்படுகிறது.

பின்னணி

ஹோசுமி கோயிச்சி என்பவர் 1957இல் ஆசிய மாணவர்களுக்கான பண்பாட்டுச் சங்கத்தை டோக்கியோவில் நிறுவினார். இச்சங்கத்தின் விடுதியே ஏ.பி.கே. எனப்படுகிறது. வளரும் நாடுகளின் பொறியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பயிற்சி அளிக்க 1959இல் ஏ.ஓ.டி.எஸ். தொடங்கப்பட்டது. பயிலுநர்கள் முதலில் பயிற்சி நிலையத்தில் பல நாட்டினருடன் தங்கி ஜப்பானிய மொழி கற்பர். பின்னர் தொழிற்சாலைகளில் செய்முறைப் பயிற்சி பெறுவர். ஏ.ஓ.டி.எஸ். 2012இல் வேறோர் அமைப்புடன் இணைந்து ஹைடா எனப் பெயர் மாறியது. 2017இல் மீண்டும் ஏ.ஓ.டி.எஸ். என்ற சுருக்கப் பெயரை ஏற்றது.

ஒசூர் பகுதியில் தொடர்பு அறுதல்

பயிற்சி முடிந்து பல ஆண்டுகள் கழித்து உடன் பயின்றோரைத் தேடுவது எளிதன்று. ஆட்கள் இடம் மாறுவதோடு முகவரியில் உள்ள பெயர்களும் மாறிவிடுகின்றன. ஒசூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இங்கு 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. 1982இல் சுசூக்கி நிறுவனத்துடன் கூட்டு ஏற்பட்டு இந்த்-சுசூக்கி என்ற நிறுவனம் அமைந்தது. அது பின்னர் டிவிஎஸ்-சுசூக்கி ஆனது. 2001இல் கூட்டு முடிவுற்றபின் டிவிஎஸ் மோட்டார் என்ற பெயர் நிலைத்தது. 2004இல் கிருட்டிணகிரி மாவட்டம் பிரிக்கப்படும்வரை ஒசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. ஆகவே 1980களில் எழுதப்பட்ட முகவரியில் ஊரைத் தவிர மற்றவை பயன்படாமல் போகலாம். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, பெங்களூரு என வேலை மாறிச் சென்றோரைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் மட்டும் தேடினால் கிடைக்கமாட்டார்.

மீண்டும் இணைதல்

இத்தகைய தேடலில் தற்போதைய பணியிடத்தைவிட மாறாத விவரங்களே உதவும். அவை:

1. பயிற்சி பெற்ற ஆண்டும் வகுப்பும்
2. தங்கிய பயிற்சி நிலையம்
3. பயிற்சி அளித்த ஜப்பானிய நிறுவனம்
4. அனுப்பிய நிறுவனத்தின் அக்காலப் பெயர்

ஒரு வகுப்பில் ஒருவர் கிடைத்தால் அவர்வழி மற்றவர்களைக் கண்டறியலாம். குழு ஒளிப்படம் இதற்குப் பெரிதும் பயன்படும்.

எனினும் ஆளைக் கண்டுபிடிப்பதைவிடத் தொடர்பை நிலைநிறுத்துவதே கடினம். பழைய நினைவுகளைப் பேசி முடிந்ததும் பல சந்திப்புகள் நின்றுவிடுகின்றன. சென்னைத் தோசோகாய் ஜப்பானிய மொழி வகுப்புகளையும் மொழித்திறன் தேர்வையும் நடத்திவருகிறது. இதனால் கூடுவதற்கு உறுப்பினர்களுக்கு ஒரு பொதுவேலை உள்ளது. அவர்கள் பெற்ற கல்வியும் ஓய்வுபெறுவதோடு முடியாமல் அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது.