பிடி அரிசியும் மகமையும் வளர்த்த பள்ளிக்கூடம்

ராஜபாளையம், திருவில்லிபுத்தூர், கான்சாபுரம் பக்கத்து மளிகைக் கடைக்காரர்களுக்கு விருதுநகர் மார்க்கெட் புதிதல்ல. வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று சரக்கெடுக்கப் போய்வரும் ஊர்தான். அந்த ஊர் வியாபாரிகள் சரக்கோடு சேர்த்து ஒரு பள்ளிக்கூடத்தையும் வளர்த்தார்கள். அது எப்படி நடந்தது என்பதை வணிகர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டும்.

விருதுநகருக்கு அந்நாளில் விருதுபட்டி என்று பெயர். 1923-ல்தான் இன்றைய பெயர் வந்தது. மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை வந்தபின் வியாபாரம் பெருகியது. கையில் காசு வந்தாலும், அக்காலச் சாதிக் கட்டுப்பாடுகளால் நாடார் சமூகத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் வாசலும் பல பள்ளிகளின் வாசலும் திறக்கவில்லை. திறக்காத கதவை எத்தனை நாள் தட்டுவது? ஊர் உறவின்முறை கூடி, சொந்தமாகவே பள்ளி தொடங்கியது. அதுதான் 1889-ல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை. பிற சமூகப் பிள்ளைகளும் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

பணம் வந்த வழி

பள்ளி நடத்தப் பணம் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று மகமை. வியாபாரத்தில் கைமாறும் சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை ஒதுக்கிப் பொது நிதியில் சேர்ப்பது. மற்றொன்று பிடி அரிசி. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். சேர்ந்ததை வாங்கிப் பள்ளிச் செலவுக்குப் பயன்படுத்துவார்கள். கடை வைத்திருந்தவர் மகமை கொடுத்தார். கடை இல்லாத வீடும் ஒரு பிடி கொடுத்தது. ஆகவே பள்ளி ஒரு செல்வந்தரின் தர்மமாக இல்லாமல் ஊரின் உடைமையாயிற்று. பிள்ளைகள் சம்பளம் கட்டாமல் படித்தனர்.

இதன் கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். ஒரு மொத்தக் கடையில் நாளுக்கு 100 மூட்டை போகிறது, மூட்டைக்கு 1 ரூபாய் மகமை என்று வைத்துக்கொள்வோம். 300 நாளில் 30,000 ரூபாய். அப்படி 20 கடைகள் சேர்ந்தால் 6 லட்சம். கொடுப்பவருக்குப் பாரம் தெரியாது; நிதி மட்டும் நிற்காமல் வரும். ஒரே தடவை பெரிய நன்கொடை வாங்கிக் கட்டடம் கட்டிவிடலாம். ஆனால் மாதாமாதம் ஆசிரியர் சம்பளத்துக்கு இப்படிப்பட்ட வரவுதான் கைகொடுக்கும். அந்த ஊர் வணிகர்கள் அத்துடன் நிற்கவில்லை. 1947-ல் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962-ல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும் எழுந்தன.

கடைக்குப் போன மாணவன்

இப்பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் காமராஜர். 1903-ல் பிறந்தவர். தந்தை குமாரசாமி தேங்காய் வியாபாரி. மகனுக்கு ஆறு வயதாகும்போது இறந்துபோனார். பள்ளியில் சம்பளம் இல்லை என்றாலும் வீட்டில் வருமானம் இல்லை. சிறுவன் படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் ஜவுளிக் கடையில் உட்கார வேண்டியதாயிற்று.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். பள்ளியை இலவசமாக்கினால் மட்டும் போதாது, பிள்ளையின் வயிறும் நிறைய வேண்டும் என்பதை அனுபவத்தில் கண்டவர் அவர். 1954-ல் முதலமைச்சரானதும் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கும் அரசுப் பணத்தோடு ஊராரின் பங்கையும் கேட்டு வாங்கினார்.

நமது கடமை

இன்றும் நம் கடைகளில், "கணக்குத் தெரிந்தால் போதும், மேலே படித்து என்ன செய்யப் போகிறான்?" என்ற பேச்சு கேட்கிறது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயது நிறையாத பிள்ளையை எந்தக் கடையிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சொந்தப் பிள்ளை பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத வேலையில் கூடமாட உதவலாம். படிப்பு கெடக் கூடாது.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த அந்த வீடுகள் எந்தச் சட்டத்துக்கும் பயந்து எடுத்து வைக்கவில்லை. நம் ஊர்ப் பள்ளியிலும் நோட்டுப் புத்தகத்துக்கு வழியில்லாத பிள்ளை இருக்கும். தராசுக்குப் பக்கத்தில் ஓர் உண்டியல் வைக்க நமக்கு என்ன சிரமம்?